யந்திர வசதிகள் ஓய்ந்துபோம் நாளும் நம் இல்லமும்

இக்காலத்து இல்லமொன்றில் விடியற்காலை முதல் இரவு வரை நிகழும் வேலைகளை உற்று நோக்குவோமாயின், மின்விசையின் துணையின்றி நடப்பவை மிகச் சிலவே என்பது புலனாகும். நிலத்தடி நீரை மேலேற்றுவது மின்மோட்டார். மாவரைப்பது மின் யந்திரம். உணவைக் கெடாது காப்பது குளிர்ப்பெட்டி. கடைக்காரருக்குப் பணம் செலுத்துவதோ கைப்பேசி. இவ்வசதிகளை நாம் இகழ்வதற்கில்லை. நம் தாய்மாரின் இடுப்பிலிருந்து குடத்தையும், கையிலிருந்து உலக்கையையும் இறக்கி வைத்தவை இவையே. ஆயினும், பானைகள் யாவற்றையும் ஒரே உறியில் அடுக்கித் தொங்கவிட்டாற்போல, நம் தேவைகள் அனைத்தும் ஒன்றனையே பற்றி நிற்கின்றன. அவ்வுறி அறுபடும் நாளில் இல்லம் என்னாகும் என்று முன்னரே சிந்தித்து வைத்தல் அறிவுடைமையாம்.

இது வீண் அச்சமன்று. 2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட இந்தியாவின் மின்கட்டமைப்பு அடுத்தடுத்து வீழ்ந்தது. இரண்டாம் நாளில் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளும் உடன் இருளடைந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பில் மின்சாரம் நின்றது. புகைவண்டிகள் ஆங்காங்கே நின்றுபோயின. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. 2025 ஏப்ரல் 28-ஆம் நாள் ஸ்பெயினும் போர்ச்சுகலும் நண்பகற் பொழுதில் திடீரென மின்சாரம் இழந்தன. புயலுமில்லை, போருமில்லை, செல்வமும் விஞ்ஞானமும் மிக்க அந்நாடுகளிலேயே மக்கள் மின்தூக்கிகளிலும் இரயில்களிலும் அகப்பட்டுத் தவித்தனர்.

2012-இல் தென்னாடு தப்பியதற்குக் காரணம் ஒன்றுண்டு. அக்காலத்தில் தென்னாட்டு மின்கட்டமைப்பு வடநாட்டதனோடு ஒரே துடிப்பில் இயங்கும்படி இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31-இல் இராய்ச்சூர்–சோலாப்பூர் மின்வழியாக அவ்விணைப்பு நிறைவேறியது. ஒரு பகுதியின் பற்றாக்குறையை மற்றொரு பகுதி தீர்த்தல் இதனால் எளிதாயிற்று. ஆயினும், ஓரிடத்துப் பெருந்தடுமாற்றம் பிறிதோரிடத்தையும் அசைக்கக்கூடும் என்பதும் இணைப்பின் இயல்பே.

நிற்க. இல்லத்தை ஆயத்தம் செய்தல் என்றவுடன், அறை நிறையப் பண்டங்களைக் குவித்தல் என்று பலர் எண்ணுவர். நாம் கூறுவது அதுவன்று. ஒவ்வொரு தேவைக்கும் இரண்டாவது வழியொன்று வைத்திருத்தலே ஆயத்தமாகும். எது நிற்கும், எத்தனை நேரத்தில் அதன் குறை தெரியும், அப்போது வேறெவ்வாறு செய்வோம் என்னும் மூன்று வினாக்களை வீட்டார் கூடியிருந்து கேட்டுக்கொண்டால், செய்யவேண்டியவை தாமே விளங்கும்.

முதற்கண் தண்ணீர். இருளைப் பலநாள் பொறுக்கலாம். தாகத்தைப் பொறுத்தல் இயலாது. நால்வர் வாழும் வீட்டின் மேல்தொட்டியில் 1,000 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது கணக்கு. அவ்வாறு செலவிடின் அந்நீர் இரண்டு நாளுக்கும் போதாது. பேரிடர்க் காலத்தில் ஒருவருக்குக் குறைந்த அளவாகக் கொள்ளப்படும் 15 லிட்டரோடு அமைவோமாயின், அதே நீர் பதினாறு நாள் வரும். ஆகவே சிக்கனம் தொட்டி வற்றிய பின்னர்த் தொடங்குவதன்று. மின்சாரம் நெடுநேரம் திரும்பாது என்று அறிந்த முதல் மணியிலேயே தொடங்குவது. வெளியிலிருந்து கொணரும் நீரை மடித்த பழஞ்சேலையில் வடிகட்டுதல் நம் பாட்டிமார் வழக்கம். வங்காளதேசத்துச் சிற்றூர்களில் சேலைத்துணியை எட்டு அடுக்காக மடித்து வடிகட்டச் செய்தபோது, காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென 2003-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. எனினும் வடிகட்டுதல் மட்டும் போதாது. நீர் நன்கு தளதளவெனக் கொதித்தல் வேண்டும். விறகும் அரிதாயின், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி ஆறுமணி நேரம் கடும் வெயிலிலும், மேகமூட்டமாயின் இரண்டு நாளும் கிடத்துதல் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையே. வயிற்றுப்போக்கு நேரிடின், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகத் தருதல் உயிர்காக்கும்.

அடுத்தது அடுப்பும் உணவும். அரிசி, பருப்பு, உப்பு, புளி, வற்றல், வடகம் ஆகியவை குளிர்ப்பெட்டியை நாடாதவை. வழக்கமாக வாங்குவதில் இருவாரத்திற்கு மிகுதியாக வைத்து, பழையதை முன்னர்ச் செலவிட்டு வருதல் போதுமானது. எரிபொருளை மிச்சப்படுத்த, கொதிவந்த சோற்றுப்பானையை இறுகமூடி, வைக்கோல் திணித்த பெட்டியிற் புதைத்து வைத்தால், உள்ளிருக்கும் வெப்பத்திலேயே அது வெந்துவிடும். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் வீட்டைவிட்டு அகற்றியவர்கள், சிறு கல்லுரல் ஒன்றையேனும் வைத்திருத்தல் நன்று.

விளக்கைப் பற்றி ஒன்று கூறவேண்டும். கூரைமேற் சூரியத்தகடு உள்ளமையால் தமக்குக் கவலையில்லை என்று பலர் நம்பியிருக்கின்றனர். ஆனால், பேட்டரியின்றிப் பொது மின்வழியோடு மட்டும் இணைந்த தகடுகள், அவ்வழியில் மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பியைப் பழுதுபார்க்கும் தொழிலாளர் மேல் மின்சாரம் பாயாதிருத்தற்பொருட்டே அவை அங்ஙனம் அமைக்கப்பட்டுள்ளன. இதே காரணத்தால், ஜெனரேட்டரை முறையான மாற்றுச் சுவிட்சின்றி வீட்டுக் கம்பிகளோடு இணைப்பது பெருந்தீங்காகும். அதனையோ கரியடுப்பையோ மூடிய அறையில் இயக்குதல் அதனினும் தீது. அவை வெளியிடும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி, உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும்.

நோயாளர் உள்ள இல்லங்களில் கவனம் இருமடங்கு வேண்டும். குளிர்ப்பெட்டியின் கதவைத் திறவாதிருப்பின் உட்குளிர் ஏறக்குறைய நான்குமணி நேரமே நிற்கும். இன்சுலின் போன்ற மருந்துகளைப் பெரிய மண்பானைக்குள் சிறிய பானை வைத்து, இடையே ஈரமணல் இட்டு, உள்ளே நீர்படாது மூடிக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தல் வெப்பத்தைத் தணிக்கும். எத்தனை நாள் அம்மருந்தை அவ்வாறு வைக்கலாம் என்பதை மருத்துவரிடம் இன்றே கேட்டுத் தெளிதல் வேண்டும். அவரை அழைக்கத் தொலைபேசியில்லாத நாளில் கேட்க இயலாதன்றோ!

செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகள் சில மணி நேரமே தாங்கும். ஆதலின் பேட்டரியால் இயங்கும் சிறு வானொலியும், சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் பணமும், முக்கியப் பத்திரங்களின் நகல்களும், உறவினர் எண்கள் எழுதிய தாளும் நீர்புகா உறையொன்றில் இருத்தல் வேண்டும். தம் அன்னையின் தொலைபேசி எண்ணை மனப்பாடமாகச் சொல்லத்தக்க மாணவர் நம்முள் எத்தனை பேர் என எண்ணிப் பார்ப்போமாக.

இவ்வளவும் ஏட்டறிவாய் நின்றுவிடின் பயனில்லை. விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு மாலை முதல் மறுநாள் மாலை வரை, நோயாளரின் சாதனங்களை மட்டும் விலக்கி, மற்ற மின்கருவிகளைத் தொடாமல் வீட்டாரோடு வாழ்ந்து பார்ப்போம். எங்கே தடுமாறுகிறோமோ அங்கேதான் நம் குறை இருக்கிறது. அவ்வேளையில் அடுப்பு மூட்டவும், கிணற்றில் நீர் சேந்தவும், வடகம் இடவும் அறிந்த பாட்டி, அவ்வீட்டின் ஆசிரியை ஆவார். அவர் அறிவை அவரோடே மறையவிடுதல், களஞ்சியத்திற்குத் தீயிடுதலை ஒக்கும்.

இறுதியாக ஒன்று. எவ்வளவு ஆயத்தமாயினும் தனித்து நிற்கும் இல்லம் நெடுநாள் நில்லாது. ஒரு வீட்டில் கிணறு, ஒரு வீட்டில் செவிலி, மற்றொரு வீட்டில் மிதிவண்டியும் இளைஞரும் இருப்பர். அயல்வீட்டு முதியவர் எந்த மருந்து உண்கிறார் என்பதை அறிந்திருத்தலும் ஆயத்தத்தின் பகுதியே. விளக்கெரியும் இந்நாளில் அவ்வீட்டின் கதவைத் தட்டிப் பழகியவரே, விளக்கணைந்த நாளிலும் தயங்காது தட்டுவர்.