வேடர் பாட்டும் உளவியல் ஆய்வுக்கூடமும்

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில்தான் உளவியல் தனி அறிவியலாக உருப்பெற்றது என்பார்கள். அங்கு கையாண்ட அளவீட்டு முறை விரைவிலேயே ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தது. 1898இல் கேம்பிரிட்ஜ் குழுவொன்று டொரஸ் நீரிணைத் தீவுகளில் மக்களின் பார்வையையும் செவிப்புலனையும் சோதித்தது. அக்குழுவின் ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரித் தோடர்களிடம் வந்தார். இன்னொருவரான சார்ல்ஸ் செலிக்மன், மனைவி பிரெண்டாவுடன் 1907-08இல் இலங்கைக்கு வந்தார்.

இருவரும் ஊவாவின் நில்கல காட்டுப்பக்கம், ஹெனெபெத்த முதலான இடங்களில் தீவின் பூர்வகுடிகளான வேடர்களோடு பழகினார்கள். குழல் வாயருகே பாடச்சொல்லி, சுழலும் மெழுகு உருளையில் ஊசியால் குரலைப் பதிந்தார்கள். அந்தப் பதிவுகளை உளவியலாளர் சார்ல்ஸ் மையர்ஸ் கேட்டுச் சுர இடைவெளிகளை அளந்தார். சில பாட்டுகளில் இரண்டே சுரங்கள்! அவர் எழுதிய அத்தியாயம், செலிக்மன் தம்பதியின் 'வேடர்கள்' நூலில் 1911இல் வெளிவந்தது.

அதே காலத்தில் பதுளைத் தோட்ட லயங்களில் ஒலித்த தாலாட்டும் ஒப்பாரியும் இந்த ஆய்வுக்குள் வரவில்லை. நமக்கு அது பெரிய இழப்பு.

மையர்ஸ் பின்னர் முதல் உலகப் போரில் மனம் குலைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்தார். 'ஷெல் ஷொக்' என்ற பெயரை மருத்துவ உலகில் பரப்பியது, 'லான்செட்' இதழில் 1915இல் அவர் எழுதிய கட்டுரை.