வக்கீலாகணும்னா ஹிஸ்டரி குரூப்தான் எடுக்கணுமா? பிளஸ் ஒன் சேரும் முன் ஒரு கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து இரண்டு நாள் ஆகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டம், நைனார்பாளையத்தில் ஒரு வீடு. பொண்ணு 500-க்கு 431.

"இவ்ளோ மார்க் எடுத்துட்டு யாராச்சும் தேர்டு குரூப்ல சேருவாங்களா? ஃபர்ஸ்ட் குரூப் போடு பாப்பா" என்கிறார் சித்தப்பா.

"நான் லா படிக்கணும் சித்தப்பா. வக்கீலுக்குப் படிக்கணும்னா ஹிஸ்டரி குரூப்தான் எடுக்கணுமாம்" என்கிறாள் அவள்.

அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறார். "சரி, லா சீட் கிடைக்கலன்னா என்ன பண்ணுவ?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மே மாதத்தில் இந்த மாதிரி பேச்சு நடக்காத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. இதில் சித்தப்பா சொல்வது கௌரவக் கணக்கு. பொண்ணு கேள்விப்பட்டது விதியிலேயே இல்லாத ஒன்று. அம்மா கேட்டதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி.

விதியில் எந்த குரூப்பும் இல்லை

சட்டப் படிப்புக்கான அடிப்படைத் தகுதியை நாடு முழுவதற்கும் முடிவு செய்வது இந்திய பார் கவுன்சில். அதன் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த சட்டப் படிப்பில் சேர பிளஸ் டூ பாஸ் ஆகியிருக்க வேண்டும். பொதுப்பிரிவுக்குக் குறைந்தது 45 சதவீதமும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40 சதவீதமும் மார்க் வேண்டும். இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று எதுவும் சொல்லப்படவில்லை. நீட் எழுத உயிரியல் வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இங்கே கிடையாது.

அப்படியானால் "ஹிஸ்டரி குரூப்" பேச்சு எங்கிருந்து வந்தது? பி.ஏ. எல்எல்.பி. படிப்பின் முதல் இரண்டு வருடங்களில் அரசியல் அறிவியல், பொருளியல், சமூகவியல், வரலாறு போன்ற பாடங்கள் வரும். பிளஸ் டூவில் இவற்றைப் படித்தவர்களுக்கு ஆரம்பம் கொஞ்சம் சுலபமாக இருக்கும். ஆனால் கல்லூரியில் எல்லாருக்கும் அடிப்படையிலிருந்துதான் நடத்துகிறார்கள். பயாலஜி படித்துவிட்டு வந்தவர் ஒரு செமஸ்டரில் பழகிவிடலாம்.

பிரிட்டனில் பள்ளியிலேயே சட்டம் ஒரு பாடமாக இருக்கிறது. அங்கேகூட ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படிக்க, பள்ளியில் சட்டப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்னாள் தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் முதலில் படித்த பட்டப்படிப்பு பொருளாதாரமும் கணிதமும்.

தமிழ்நாட்டில் மார்க்தான் நுழைவுத் தேர்வு

அப்படியென்றால் எந்த குரூப் எடுத்தாலும் ஒன்றுதானா? இல்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கை வைத்து ரேங்க் போடுகிறது. 45 சதவீதம் என்பது விண்ணப்பம் போடுவதற்கான தகுதி மட்டுமே. சீட் அதைவிட எவ்வளவோ மேலே முடிந்துவிடும். சென்னை பெருங்குடியில் அதே பல்கலைக்கழகம் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஹானர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கவே 70 சதவீதம் தேவை. எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 60 சதவீதம்.

இந்த ரேங்க் கணக்கில் இயற்பியலில் எடுத்த 90-க்கும் வணிகவியலில் எடுத்த 90-க்கும் வித்தியாசம் இல்லை. இதை உணராமல் "நல்ல மார்க், அதனால சயின்ஸ்" என்று சேர்ந்துவிட்டு, பிளஸ் டூவில் இயற்பியலில் 58, கணக்கில் 61 என்று வந்து நின்றால், சட்டக் கல்லூரி கவுன்சலிங்கில் அந்தக் கஷ்டத்துக்கு யாரும் தனி மார்க் தரப்போவதில்லை. அதே பொண்ணு பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியலில் 90-ஐத் தாண்டக்கூடியவளாக இருந்தால், ஃபர்ஸ்ட் குரூப் பெருமை அவளுடைய சீட்டையே சாப்பிட்டுவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பத்தாம் வகுப்பில் அறிவியலும் கணக்கும் ரசித்துப் படித்தவர், "லாவுக்குத் தேவையில்லையே" என்று அவற்றை விட்டுவிட்டு, பிடிக்காத கணக்குப் பதிவியலோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டுவதிலும் லாபம் இல்லை. எதில் மார்க் வரும் என்பதை சித்தப்பாவைவிட அவளுடைய ஒன்பதாம், பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள் தெளிவாகச் சொல்லும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பி.காம். எல்எல்.பி., பி.சி.ஏ. எல்எல்.பி. போன்ற படிப்புகள்மீது கண் இருந்தால், பிளஸ் டூவில் படித்திருக்க வேண்டிய பாடம் எது, ரேங்கில் எந்தெந்தப் பாட மார்க் சேரும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டில் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. பிளஸ் டூ முடித்த பிறகு பார்த்தால் மாற்ற முடியாது.

அம்மாவின் கேள்வி

லா கிடைக்கவில்லை என்றால்? குரூப் தேர்வின் உண்மையான விலை இங்கேதான் தெரியும். சயின்ஸ் குரூப் படித்தவர் பி.ஏ. எல்எல்.பி.க்கும் போகலாம், பி.எஸ்சி.க்கும் போகலாம். பயாலஜி இருந்தால் நீட்டும் எழுதலாம். கலைப்பிரிவு படித்தவர் பிளஸ் டூ முடித்தபின் மனம் மாறி நர்சிங், அக்ரி, இன்ஜினீயரிங் என்று திரும்ப நினைத்தால் பெரும்பாலும் வழி அடைபட்டிருக்கும்.

சட்டத் துறைக்குள்ளேயே அப்படி அடைபடும் கதவு ஒன்று இருக்கிறது. அதைப் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆக வேண்டுமானால், காப்புரிமைச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் இருக்க வேண்டும். பி.ஏ. எல்எல்.பி. மட்டும் வைத்திருப்பவர் நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கு நடத்தலாம், ஆனால் பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுத முடியாது. பி.எஸ்சி. முடித்து மூன்றாண்டு எல்எல்.பி. படித்தவர் இரண்டையும் செய்யலாம்.

அந்த மூன்றாண்டு எல்எல்.பி.தான் அம்மாவுக்கான பதிலும்கூட. எந்தப் பட்டப்படிப்பை முடித்தவரும் உரிய மார்க் இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவோடு லா வாய்ப்பு முடிந்துபோவதில்லை, மூன்று வருடம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ஈரோடு மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, 2013-ல் இந்தியத் தலைமை நீதிபதியான பி.சதாசிவம் பி.ஏ. முடித்த பிறகுதான் சட்டம் படித்தார்.

கிளாட் எழுதணும்னா இங்கிலீஷ்

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர கிளாட் எழுத வேண்டும். நமக்குப் பக்கத்தில் இருப்பது திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம். இந்தத் தேர்வுக்கும் எந்த குரூப்பும் ஓகேதான். 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தப்பான பதிலுக்கு கால் மார்க் கழிப்பு. ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டச் சிந்தனை, தர்க்கம், கொஞ்சம் அடிப்படைக் கணக்கு. பிளஸ் டூ புத்தகத்திலிருந்து நேராக எதுவும் வராது. நீளமான ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் புரிந்து பதில் சொல்ல வேண்டும். தேர்வே ஆங்கிலத்தில் மட்டும்தான்.

தமிழ் மீடியத்தில் படிக்கும் மாணவிக்கு எந்த குரூப் என்பதைவிட இதுதான் பெரிய தடை. தினம் அரை மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் தலையங்கத்தைப் படிக்க பிளஸ் ஒன்னிலேயே ஆரம்பித்தால்தான் இரண்டு வருடத்தில் வேகம் வரும். இன்னொரு சிக்கல் தேதி. சமீப வருடங்களில் கிளாட் டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. பிளஸ் டூ பப்ளிக் முடிந்து "அடுத்து என்ன" என்று நிமிர்ந்து பார்க்கும்போது அந்த வருடத் தேர்வு முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். தேசியப் பல்கலைக்கழகங்களில் வருடக் கட்டணமும் லட்சத்தைத் தாண்டும். அரசு சட்டக் கல்லூரியில் அப்படி இல்லை.

தமிழ் மீடியம் என்பதற்காக வக்கீல் தொழிலே எட்டாதா என்றால், அதுவும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான், ஆனால் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடக்கிறது. படிப்பு முடித்தபின் எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வையும் தமிழில் எழுதலாம்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

2017 வரை நைனார்பாளையத்துப் பிள்ளைகள் அரசு சட்டக் கல்லூரிக்குத் திருச்சி, செங்கல்பட்டு, வேலூர் என்றுதான் போக வேண்டியிருந்தது. 2017-ல் விழுப்புரத்திலும் 2019-ல் சேலத்திலும் கல்லூரிகள் வந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அதே 2019-ல்தான்.

இங்கே சட்டம் தெரிந்தவர்கள் எவ்வளவு தேவை என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. மலையில் ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றி சென்னையில் வாதம் நடந்தது. அந்த ஊர்களின் பேரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த வக்கீல்கள் இன்னும் நிறைய பேர் வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பெரிய உதவி, 2021-ல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளோடு சட்டப் படிப்புக்கும் பொருந்தும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. ஆகவே "நல்ல கோச்சிங் கிடைக்கும்" என்று பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஆறாம் வகுப்பிலிருந்து சேர்த்து வைத்த உரிமை அந்த ஒரு டி.சி.யோடு போய்விடும். பக்கத்து அரசுப் பள்ளியில் விரும்பிய குரூப் இல்லையென்றால், அது இருக்கும் இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாறுவதே சரி.

இந்த ஒதுக்கீட்டுக்கு, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் தாசில்தார் ஆபீஸில் கிடைக்காது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும், விசாரணைக்கு நாளாகும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்துவிடும் என்பதால், மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகள் பிளஸ் ஒன் லீவிலேயே அந்த மனுவைப் போட்டுவிடலாம்.