டார்வின் வீட்டுக் கணக்கு

தனக்கு 2,795 ஆட்டத்தில் வெற்றி, மனைவி எம்மாவுக்கு 2,490. 1876 ஜனவரியில் அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் சார்லஸ் டார்வின் இந்தக் கணக்கைக் குதூகலத்தோடு சொல்கிறார். பேக்காமன் என்ற பகடை ஆட்டம், இரவுக்கு இரண்டு. கூட்டினால் 5,285 ஆட்டங்கள் வருகின்றன. வீட்டு வரவு செலவையும் அப்படித்தான், 1839இல் கல்யாணமானது தொடங்கி வயதான காலம்வரை வகை பிரித்து நோட்டில் எழுதி வந்தார். பரிணாமக் கொள்கைக்காரராக உலகம் அறிந்த அந்த மனிதரை அப்பாவாக, தாத்தாவாகப் பார்க்க அவருடைய எண்களைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அன்பு வைத்ததையெல்லாம் அவர் எண்ணினார்.

லண்டனுக்குத் தெற்கே, அப்போது கென்ட் பகுதியில் இருந்த டவுன் கிராமத்து வீடு 1842இல் சுமார் 2,200 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. பணம் தந்தை ராபர்ட்டுடையது. சார்லஸ் – எம்மா தம்பதிக்குப் பிறந்தவர்கள் 10 பேர், ஆளானவர்கள் 7 பேர்.

இந்தக் கழித்தல்தான் அந்த வீட்டின் பெரிய செலவு. மேரி எலினார் 1842இல் பிறந்து 23 நாள் இருந்தாள். ஆனி 10 வயதுவரை வளர்ந்தாள். சிகிச்சைக்காக மால்வெர்ன் ஊருக்கு அழைத்துப் போன இடத்தில் 1851 ஏப்ரல் 23 அன்று இறந்தாள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வீட்டைவிட்டு நகர முடியவில்லை. மகளின் படுக்கையருகே இருந்த டார்வின், அவள் எவ்வளவு குடித்தாள், எப்படித் தூங்கினாள் என்று கடிதத்துக்கு மேல் கடிதமாக மனைவிக்கு எழுதினார். இறந்து ஒரு வாரத்துக்குள், மகள் எப்படி இருந்தாள் என்பது மறந்துவிடக் கூடாதென்று அவளைப் பற்றி ஒரு குறிப்பை எழுதி முடித்தார். சாவு நடந்த இருபதாம் நாள் ஹொரேஸ் பிறந்தான்.

கடைசிப் பிள்ளை சார்லஸ் வாரிங் 1858 ஜூன் 28 அன்று செங்காய்ச்சலில் போனான். அவனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வின், இயற்கை ஆய்வாளர் வாலஸ் இருவருடைய கட்டுரைகளும் படிக்கப்பட்டன. இயற்கைத் தேர்வு என்ற கருத்து முதல்முறையாக வெளியே வந்த நாள் அது. டார்வின் அங்கே இல்லை, மகனை அடக்கம் செய்துகொண்டிருந்தார். அறிவியல் வரலாற்று நூல்கள் இந்த இரண்டு செய்திகளையும் ஒரே வரியில் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டு நவம்பர் 24இல் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளியானது. முதல் பதிப்பு 1,250 பிரதிகள், விலை 15 ஷில்லிங். அதன் கையெழுத்துப் படியில் ஏறக்குறைய 600 தாள்கள் இருந்தன. இன்று கிடைப்பவை 45 அளவில்தான். அவற்றிலும் சில, பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்திருந்ததால் பிழைத்தவை. பழத்தின் மீதும் காய்கறியின் மீதும் ஏறிச் சண்டைபோடும் சிப்பாய்கள் அப்படி ஒரு தாளில் இருக்கிறார்கள். கிறுக்கலுக்காகப் பத்திரப்படுத்தியதில் நூலும் கொஞ்சம் மிஞ்சியது.

பிள்ளைகளை அவர் வேலையிலும் சேர்த்துக்கொண்டார். ஆண் வண்டுத்தேனீக்கள் எந்தப் பாதையில் பறக்கின்றன என்று பார்க்க, புதருக்கு ஒருவராக நிறுத்திக் குரல் கொடுக்கச் சொல்வார். 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் கொட்டலசு என்ற கடலுயிரிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா அப்பாக்களுக்கும் இதுதான் தொழில் என்று நினைத்த பிள்ளை ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் எங்கே உட்கார்ந்து கொட்டலசு பார்க்கிறார் என்று கேட்டதாம்.

1876 செப்டம்பர் 7 அன்று பேரன் பெர்னார்ட் பிறந்தான். நான்கே நாளில் தாய் ஏமி இறந்துவிட்டார். மகன் பிரான்சிஸ் கைக்குழந்தையோடு டவுன் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். 67 வயதில் டார்வின் மறுபடியும் தொட்டில் உள்ள வீட்டில் இருந்தார். மண்புழுவுக்குக் காது கேட்குமா என்ற சோதனையில் பேரன் விசில் ஊதினான், அவன் அப்பா பஸூன் குழல் வாசித்தார், பாட்டி பியானோ வாசித்தார். புழு எதையும் சட்டை செய்யவில்லை. 1881இல் வந்த மண்புழு நூலில் ஒரு கணக்கு உண்டு: 303 காகித முக்கோணங்களில் 62 விழுக்காட்டைப் புழுக்கள் கூர்முனையைப் பிடித்தே வளைக்குள் இழுத்தன. அந்த நூல் வந்த மறு ஆண்டு, ஏப்ரல் 19 அன்று, 73 வயதில் டார்வின் இறந்தார்.

கணக்கு அதோடு முடியவில்லை. மண்புழுக்களால் கல் எவ்வளவு புதைகிறது என்று அளக்க வீட்டுத் தோட்டத்தில் கருவி அமைத்தவர் ஹொரேஸ். அப்பா போன பிறகும் அளந்து, ஆண்டுக்கு 2.22 மில்லிமீட்டர் என்று 1901இல் வெளியிட்டார். பிரான்சிஸ் அப்பாவின் வாழ்க்கையையும் கடிதங்களையும் 1887இல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்.

அப்பாவோ தாத்தாவோ எழுதிய கணக்கு நோட்டு உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் பக்கம் பக்கமாகப் படியுங்கள். ஓரத்தில் யாராவது கிறுக்கியிருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவையுங்கள்.