அடுத்த பாகம் எப்போ சார்?

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில், காலை நேரக் கூட்டத்தில், ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தலையணை சைஸ் இங்கிலீஷ் புத்தகம் படிக்கிற ஆசாமியைப் பார்த்திருக்கிறீர்களா? அட்டையில் ஒரு டிராகன் இருக்கும். இல்லையென்றால், முக்காடு போட்ட ஒருவன் வாளோடு நிற்பான். முதல் பக்கத்தில் எங்கேயும் இல்லாத ஒரு தேசத்தின் மேப்! ஆசாமி கிண்டியில் இறங்க வேண்டியவர். கோடம்பாக்கத்தில்தான் நிமிர்ந்தே பார்ப்பார்.

எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் அப்படி ஒருவர் இருக்கிறார். வயது இருபத்தேழு. ஃபேன்டஸி நாவல் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஒருநாள் சும்மா இருக்காமல், “இப்போ என்னப்பா படிக்கிறே? அடுத்தது என்ன?” என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் லஞ்ச் டைம் அம்பேல்!

ஆனால், நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் சொன்னார்.

“எந்தப் புக்கை எடுத்தாலும் நான் மொதல்ல அட்டையைப் பார்க்க மாட்டேன் சார். இந்தத் தொடர் முடிஞ்சிருச்சா, இல்லையான்னுதான் பார்ப்பேன். ஏற்கெனவே ரெண்டு தடவை அடி வாங்கியிருக்கேன்.”

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி இத்தனை விசாரணையா? விசாரித்தால், உலகம் பூராவும் ஃபேன்டஸி ரசிகர்களின் தலையாய கவலையே இதுதானாம்!

★ மூணாவது நாள் விடியலியே!

முதல் அடி, ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் கொடுத்தது. ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ 1996-ல் வந்தது. மூன்று பாகம் என்று ஆரம்பித்து, ஏழு பாகம் என்று வளர்ந்த கதை. ஐந்தாவது பாகம் 2011-ல் வந்தது. அதே வருஷம் டி.வி. தொடரும் ஆரம்பித்தது. எட்டு சீசன் ஓடி, 2019-ல் மங்களம் பாடிவிட்டார்கள். ஆறாவது புத்தகம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை! 2015 கடைசிக்குள் முடிக்க முடியவில்லை என்று 2016 ஜனவரியில் மார்ட்டினே எழுதி வருத்தப்பட்டார். முதல் பாகத்தைக் காலேஜில் படித்தவர்களின் பிள்ளைகள் இப்போது காலேஜில் படிக்கிறார்கள்.

மனுஷர் எதில் எழுதுகிறார் தெரியுமோ? பழைய டாஸ் கம்ப்யூட்டரில், வேர்ட்ஸ்டார் 4.0! 2014-ல் ஒரு டி.வி. பேட்டியில் அவரே சொன்னது. நம்மில் சில சீனியர்கள் டைப்ரைட்டிங் முடித்த கையோடு கற்றுக்கொண்டு, மறந்தும் போன அதே வேர்ட்ஸ்டார்தான்.

இரண்டாவது அடி, பாட்ரிக் ராத்ஃபஸ். இது இன்னும் மோசம். ‘தி நேம் ஆஃப் தி விண்ட்’ நாவலில் கதாநாயகன் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறான். மொத்தம் மூன்று நாள் சொல்வதாக ஏற்பாடு. ஒரு நாளுக்கு ஒரு புத்தகம். முதல் நாள் 2007-ல் முடிந்தது. இரண்டாவது நாள் 2011-ல். மூன்றாவது நாள்..? பொழுது இன்னும் விடியவில்லை, சாமி!

★ ரசிகன் கைக்கு வந்த பேனா

“அப்ப முடிஞ்ச தொடர் மட்டும் படிச்சா போச்சு!” என்றேன் நான், பெரிய அறிவாளி மாதிரி.

“அப்படி எல்லாரும் உட்கார்ந்துட்டா ராபர்ட் ஜோர்டன் கதை என்ன ஆகியிருக்கும் சார்?” என்றார் நம்மாள்.

இந்தக் கதையைக் கேளுங்கள். ஜோர்டன் என்ற அமெரிக்கர் 1990-ல் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை ஆரம்பித்தார். பாகம் பாகமாக வளர்ந்துகொண்டே போயிற்று. பதினோரு பாகம் வந்த நிலையில், இதயத்தைப் பாதிக்கும் அபூர்வ நோய் அவருக்கு. கதை முடியவில்லை, நாள் முடியப்போகிறது என்று தெரிந்துவிட்டது. மனிதர் என்ன செய்தார்? மிச்சக் கதையைக் குறிப்புகளாக எழுதினார். எழுத முடியாதபோது வாயால் சொல்லிப் பதிவு செய்யவைத்தார். கடைசிக் காட்சியையும் எழுதி வைத்தார். 2007 செப்டம்பரில் இறந்து போனார்.

அவருடைய மனைவி ஹாரியட்தான் அவருக்கு எடிட்டரும். துக்கத்தில் இருந்த அந்த அம்மாவின் கண்ணில் ஒரு அஞ்சலிக் குறிப்பு பட்டது. எழுதியவர் பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர். பள்ளிக்கூட நாளிலிருந்து ஜோர்டனின் ரசிகர். ஹோட்டல் ஒன்றில் நைட் ஷிஃப்ட் ரிசப்ஷனில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் நாவலாக எழுதித் தள்ளியவர். முதல் நாவல் ‘எலான்ட்ரிஸ்’ அச்சில் வந்தது 2005-ல்தான். ஹாரியட் அவருடைய ‘மிஸ்ட்பார்ன்’ நாவலைப் படித்துப் பார்த்துவிட்டு, கணவரின் கதையை அவர் கையில் ஒப்படைத்தார்.

ஒரே பாகமாக முடிய வேண்டியது, மூன்று பாகமானது. 2009, 2010, 2013 என்று மூன்றும் வந்தன. பதினாலாவது பாகத்தின் முடிவில் ஜோர்டன் எழுதி வைத்த அந்தக் கடைசிக் காட்சி! இருபது வயதில் படிக்க ஆரம்பித்தவருக்கு, கதை முடியும்போது நாற்பத்து மூன்று வயது.

நமக்கும் இது புதுசில்லையே! கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது. குறிப்புகளை வைத்து அதை முடித்தவர் அவருடைய மகள் ஆனந்தி.

★ ரோடு ரோலர் வைத்தியம்!

எல்லா எழுத்தாளரும் இதற்குச் சம்மதிப்பார்களா? அதுதான் இல்லை. இங்கிலாந்தின் டெரி பிராட்செட் ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையில் 41 நாவல் எழுதினார். அத்தனையும் சிரிப்பு. அல்ஸைமர் நோய் இருப்பதாக 2007-ல் அறிவித்தார். அதன் பிறகும் எழுதினார். 2015-ல் மறைந்தார். முடிக்காத கதைகளை வேறு யாரும் தொடக் கூடாது, ஹார்ட் டிஸ்க்கை ரோடு ரோலர் விட்டு நசுக்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. 2017 ஆகஸ்ட்டில் டோர்செட் நீராவி இன்ஜின் கண்காட்சியில், நிஜமாகவே ஒரு பழைய நீராவி ரோடு ரோலரை ஏற்றிவிட்டார்கள்! நசுங்கிய டிஸ்க் பிறகு சால்ஸ்பரி மியூசியத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டது.

“இது ரெண்டுல எது சார் சரி?” என்று கேட்டார் நண்பர். நான் மூன்றாவது இட்லியில் கவனம் செலுத்தினேன்.

★ சரி, என்னதான் படிக்கலாம்?

நம்மாள் டைரியில் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்று ‘பயமில்லாதது’. அதாவது கதை முடிந்தது.

ஆபீஸ் போகிறவர்களுக்கு முதல் சிபாரிசு, ‘மிஸ்ட்பார்ன்’ முதல் மூன்று பாகம். 2006-ல் ஆரம்பித்து 2008-லேயே முடித்துவிட்டார் சாண்டர்சன். வானத்திலிருந்து சாம்பல் கொட்டுகிற ஒரு ராஜ்யம். உலோகத்தை விழுங்கினால் சக்தி வரும். ஒரு திருட்டு கோஷ்டி சேர்ந்து சக்கரவர்த்தியையே கவிழ்க்கத் திட்டம் போடுகிறது. படித்துவிட்டு இரும்பு டானிக்கை முறைத்துப் பார்ப்பீர்கள்.

ராபின் ஹாப் எழுதியது, ராஜாவீட்டு முறையற்ற பிள்ளை ஒருவன் கொலைகாரனாகப் பழக்கப்படும் கதை. அந்த உலகத்தை வைத்து 1995-லிருந்து 2017 வரை மொத்தம் 16 நாவல். சுபமாக... சரி, முடிந்தது என்று மட்டும் சொல்கிறேன். கைக்குட்டை அவசியம்.

தலையணை வேண்டாம் என்றால், அர்சுலா லெக்வின் 1968-ல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸி’. சின்னப் புத்தகம். கர்வத்தில் ஒரு பையன் இருட்டைக் கிளப்பிவிட்டு, பிறகு அதைத் தேடிப் போகிறான். சிரிக்க வேண்டுமென்றால், பிராட்செட்டின் ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’. யாரும் மதிக்காத நைட் ட்யூட்டி போலீஸ்காரர்கள் டிராகனோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இரண்டாவது பட்டியல் ‘துணிஞ்சவனுக்கு’. இதில் சாண்டர்சனின் ‘ஸ்டார்ம்லைட்’. பத்து பாகத் திட்டம். ஐந்தாவது 2024 டிசம்பரில் வந்திருக்கிறது. இவரை நம்பலாம் என்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும் புத்தகம் எத்தனை சதவிகிதம் முடிந்தது என்று இன்டர்நெட்டில் கணக்குக் காட்டுகிறவர்! அந்த நம்பிக்கையில்தான், 2022-ல் ரகசியமாக எழுதி முடித்த நாலு நாவலை வெளியிடப் போகிறேன் என்றதும், ரசிகர்கள் ஒரே மாதத்தில் நாலு கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ‘டஞ்ஜன் கிராலர் கார்ல்’. மேட் டின்னிமன் 2020-ல் சொந்தமாக வெளியிட்டு, ரசிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லியே பெரிய பதிப்பகம் வரை போனது. பூமியில் கட்டடமெல்லாம் தரைமட்டம். ஓடிப்போன பூனையைப் பிடிக்க அண்டர்வேரோடு தெருவுக்கு வந்த காரணத்தால் மட்டும் தப்பிக்கிறான் கதாநாயகன். பேன்ட் கூட இல்லாமல் உலகத்தோடு போராட வேண்டும். மாசக் கடைசியில் படிக்க உகந்தது.

“இதெல்லாம் முடியாத கதையாச்சே. ஏன் ஆரம்பிக்கிறே?” என்றேன்.

“முடியட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்னு எல்லாரும் காத்திருந்தா மொத பாகமே போணியாகாது சார். போணியாகலேன்னா பதிப்பாளர் ரெண்டாவது பாகம் எதுக்குப் போடறார்? பெரிய ஆள் தப்பிச்சுக்குவார். புதுசா எழுத வர்றவன்தான் காலி. ஜோர்டனோட மொத பாகத்தையும் யாரோ தைரியமா வாங்கினாங்கல்ல? அந்த ரசிகர்கள்ல ஒருத்தர்தானே பின்னாடி கதையை முடிச்சு வெச்சார்?”

என்னிடம் பதிலில்லை. அன்று சாயங்காலம், அவர் மேஜையிலிருந்து ‘தி நேம் ஆஃப் தி விண்ட்’ இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் படித்தேன். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு படித்தேன். இரண்டாவது பாகத்தையும் வாங்கி, லீவு போட்டுப் படித்தேன்.

திங்கள்கிழமை காலை நேரே அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போய் நின்றேன்.

“ஏம்ப்பா, அந்த மூணாவது பாகம் எப்போ வரும்?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய கைதி புதுக் கைதியைப் பார்க்கிற மாதிரி, என்னைப் பார்த்துச் சிரித்தார்!