யூதரைப் பழிக்கும் நாவு

பெரிய வெள்ளிக்கிழமையில் "யூதர்களே ஆண்டவரைக் கொன்றவர்கள்" என்று நம் பிரசங்க பீடங்களில் சில முழங்குகின்றன. அதே சபைகளில் எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபமும் ஏறெடுக்கப்படுகிறது! தீர்ப்பளித்தவன் ரோமனாகிய பிலாத்து. ஆணியடித்தவர்கள் அவனுடைய சேவகர். காய்பாவைப் பெயர் சொல்லிக் கண்டிப்பது வேறு, ஓர் இனத்தையே குற்றவாளியாக்குவது வேறு. மரியாளும் பேதுருவும் பவுலும் யூதரல்லவா? ரோமர் 11ஆம் அதிகாரத்தின் ஒலிவமரத்தில் நாம் ஒட்டவைக்கப்பட்ட காட்டுக்கிளைகளே.

பீடத்துச் சொல் பீடத்தோடு நிற்பதில்லை. யூதரின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தும்படி 1543இல் மார்ட்டின் லூத்தர் எழுதினார். ஆம், நாம் போற்றும் அந்தச் சீர்திருத்தவாதிதான். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நூலை நாட்சிகள் கையிலேந்தினர்.

யூதர் நமக்குத் தூரத்தாரும் அல்லர். தாபோடியில் லோக்கல் ரயிலேறி, புனே நிலையத்தருகே சஸூன் மருத்துவமனைக்குச் செல்கிறோமே, அதற்குக் கொடையளித்த டேவிட் சஸூன், பாக்தாத்தில் ஆளுநரின் கொடுமைக்குத் தப்பி பம்பாய்க்கு வந்த யூதர். கேம்ப் பகுதியில், ஜனங்கள் 'லால் தேவூள்' என்றழைக்கும் செங்கல் ஜெப ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறை உண்டு. ராஸ்தா பேட்டில் மராத்தி பேசும் பெனே இஸ்ரவேலருக்கும் ஓர் ஆலயம் இருக்கிறது. கொங்கணத்தில் இந்துக்கள், இஸ்லாமியர் நடுவே பல தலைமுறை அமைதியாய் வாழ்ந்தவர்கள் இவர்கள்.

அப்பகை 2008 நவம்பரில் வெளியிலிருந்து மும்பைக்கு வந்தது. நரிமன் இல்லத்தில் ரபி கேப்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் மனைவி ரிவ்காவும் மற்றவர்களும் கொல்லப்பட்டனர். இரண்டு வயது நிறையாத அவர்களுடைய மகன் மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர், அவ்வீட்டில் வேலை செய்த சாண்ட்ரா சாமுவேல் என்னும் கிறிஸ்தவப் பெண்.