எந்த வயதில் தொற்றுகிறது எப்ஸ்டீன்-பார் வைரஸ்?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளின் உறையை அரிக்கின்றன. ஒரு கண்ணில் பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. அதன் வித்து சிறுவயதில் வந்த தொற்றில் இருக்கலாம் என்ற ஐயம் மருத்துவ உலகில் நெடுநாளாக உண்டு.

அந்த ஐயத்துக்கு வலுவான சான்று 2022-இல் கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தினர் சுமார் 1 கோடி பேரின் பதிவுகளையும், சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளையும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். மாதிரி கிடைத்த 801 நோயாளிகளில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் நோய்க்கு முன்பே எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றுக்குப் பிறகு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. இதே போல எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸால் அப்படி எதுவும் கூடவில்லை. ஆனாலும் வைரஸ் மட்டுமே காரணமல்ல. வளர்ந்தவர்களில் 100-க்கு 95 பேர் அதைச் சுமக்கிறார்கள்; நோய் வருவதோ மிகச் சிலருக்கு. மரபணு, வைட்டமின் டி குறைவு, புகைப்பழக்கம், வளரிளம் பருவத்து உடற்பருமன் ஆகியவையும் சேர்கின்றன.

இதில் முக்கியமானது வயது. குழந்தையிடம் இந்த வைரஸ் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாகவோ, அதுவும் இல்லாமலோ வந்துபோகும். பதின்பருவத்தில் முதன்முறையாகத் தொற்றினால் தொண்டைப்புண், கழுத்தில் நெறிகட்டு, வாரக்கணக்கில் சோர்வு என்று படுக்கவைக்கும். அப்படிப் படுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. எச்சில் பட்ட தம்ளரைத் தொடாத நம் வீடுகளிலும் குழந்தைக்கு அந்த விதி செல்லாது. பாட்டி ருசி பார்த்துத்தான் ஊட்டுவாள். ஒரு குழந்தை சப்பிய பொம்மை அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகும். இந்தியாவில் பெரும்பாலானோருக்கு இந்தத் தொற்று சிறுவயதிலேயே வந்துவிடுகிறது.

எம்.எஸ். நோயும் இங்கே குறைவு. மங்களூரில் நடந்த கணக்கெடுப்பில் லட்சம் பேரில் சுமார் 8 பேருக்கு எம்.எஸ். இருந்தது, பிரிட்டனில் அது நூறைத் தாண்டும். பிரிட்டனில் குடியேறிய இந்தியத் துணைக்கண்டத்தாரிடம் நோய் குறைவு. அங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் ஆங்கிலேயர் அளவுக்கு இருப்பதாக 1990-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே தலைமுறையில் ரத்தம் மாறாது. மாறியது வளர்ந்த சூழல். வெயிலும் அதில் ஒரு பங்கு வகித்திருக்கலாம்.

வளரும் சூழல் இங்கேயும் மாறுகிறது. சென்னையை அடுத்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் கண்ணெதிரே மாறியிருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த இடங்களில் தொழிற்பேட்டையும் அடுக்குமாடிகளும் எழுந்தன. கூட்டுக்குடும்பம் சுருங்கி ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகின. இந்தப் பிள்ளைகளுக்கு வைரஸ் எந்த வயதில் தொற்றுகிறது என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. கேட்பதற்கான இடமும் பக்கத்திலேயே இருக்கிறது: அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கும், 1999-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். டெங்கு யாரை எந்த வயதில் தொட்டது என்பதை நாடு முழுவதும் ரத்தப் பரிசோதனையால் கணக்கிட்ட நிறுவனம் அது.

இதைப் படித்துவிட்டுத் தொற்று நல்லது என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது பெருந்தவறு. தட்டம்மை மூளையையே அழிக்கக்கூடியது. அதைத் தடுக்கும் எம்.ஆர். ஊசியால் எம்.எஸ். வருவதில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. சில தடுப்பூசிகள் 2022 முதல் மனிதர்களிடம் பரிசோதிக்கப்படுகின்றன. அவை தேறினாலும் தொற்று வருமுன் போட வேண்டும். பள்ளி வயதில் போதுமா, கைக்குழந்தைக்கே தேவையா என்பதை, எந்த வயதில் தொற்றுகிறது என்ற கணக்குதான் சொல்லும்.