விலை உயர்ந்த தட்டைத்திரை டி.வி.: கடை வெளிச்சமும் வீட்டு வெளிச்சமும்

மின்னணுச் சாதனங்கள் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கடையில் 65 அங்குல ஓஎல்இடி டி.வி. ஒன்று வாங்கினார். கடையில் ஓடிக்கொண்டிருந்த விளம்பரப் படத்தைப் பார்த்தார், பிடித்துவிட்டது, பணத்தைக் கட்டிவிட்டுப் போனார். அவரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் காலை கடை திறக்கும்போதே வந்து நின்றார். "அண்ணாச்சி, நான் கடையில பார்த்த டி.வி. வேற, நீங்க வீட்டுக்கு அனுப்பின டி.வி. வேற" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கம்பெனி மெக்கானிக் போய்ப் பார்த்துவிட்டு, பெட்டியில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு நாங்களே நேரில் போனோம். கூடத்தில் கிழக்குப் பக்கம் பெரிய சன்னல். அதற்கு நேர் எதிர்ச் சுவரில் டி.வி.யை மாட்டியிருந்தார்கள். காலை பத்து மணிக்குத் திரையில் தெளிவாகத் தெரிந்தவை சன்னல் கம்பியும் எதிர்வீட்டு மாடியும்தான். அவற்றுக்குப் பின்னால் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் நாள் முழுதும் ஓடுவது செய்தியும் தொடர்களும். அவையும் எச்டி இல்லாத சாதாரணச் சேனல்கள். மெக்கானிக் சொன்னது சரி, ஆசிரியர் சொன்னதும் சரி. அந்த வீட்டுக்குப் பொருந்தாத பெட்டியை விற்றது நாங்கள். வேறு பெட்டி மாற்றிக் கொடுத்தோம். பிரித்த பெட்டியைப் புதுச்சரக்கு விலைக்கு விற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதில் விட்டதைப் பிடிக்க எத்தனை பெட்டி விற்க வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுத எங்களுக்கு விருப்பமில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அடக்க விலை ஒரு லட்சம் என்றால், முன்பு வரியோடு 1,28,000 ஆன பெட்டி இப்போது 1,18,000. அந்தப் பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்காமல், அதை வைத்தே ஒரு படி மேலான மாடலைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். விலை ஏற ஏற எதிர்பார்ப்பும் ஏறும். பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியில் பொறுத்துக்கொள்வதை ஒன்றரை லட்சம் ரூபாய்ப் பெட்டியில் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

முதலில் நம் கடையைப் பற்றியே பேசுவோம். கூரை முழுதும் விளக்கு, பக்கத்துக்குப் பக்கம் இருபது பெட்டி, எல்லாவற்றிலும் 'விவிட்' என்ற கூர்மையான நிறம். இந்த இடத்தில் எது அதிக வெளிச்சமாகவும் நீலம் தூக்கலாகவும் இருக்கிறதோ அதுதான் கண்ணை இழுக்கும். நல்ல படம் எது என்பது இங்கே தெரியாது. இந்த வெளிச்சத்தில் அடிபட்ட ஒரு சரக்கின் கதையைப் பழைய வியாபாரிகள் அறிவார்கள். பயனியர் நிறுவனம் 2007இல் 'குரோ' என்ற பெயரில் பிளாஸ்மா டி.வி.க்களைக் கொண்டுவந்தது. ஜப்பானிய மொழியில் குரோ என்றால் கருப்பு. இரவுக் காட்சியில் கருப்பு கருப்பாகவே தெரியும் என்பதுதான் அதன் பெருமை. விளக்கை அணைத்த அறையில் அதற்கு நிகராக அன்று வேறு டி.வி. இல்லை என்று சோதித்தவர்கள் எழுதினார்கள். கடை வெளிச்சத்திலோ பக்கத்தில் நின்ற எல்சிடிக்கு முன்னால் மங்கலாகத் தெரிந்தது. விலையும் அதிகம். 2009 பிப்ரவரியில் டி.வி. தொழிலையே விட்டு விலகுவதாக பயனியர் அறிவித்தது. பானசோனிக் 2013இல் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014இல் நிறுத்தின. பிளாஸ்மா போனதற்கு மின்செலவு, எடை, 4கே திரை செய்வதில் இருந்த சிரமம் எனப் பல காரணங்கள் உண்டு. கடை வெளிச்சமும் அவற்றில் ஒன்று.

இன்றைக்கு உயர்விலைப் பெட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். கருப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே போகும். அதனால் இருட்டறையில் சினிமா பார்ப்பவருக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ஆனால் திரை முழுவதும் வெளிச்சம் வேண்டியிருந்தால், பகல் நேரக் கிரிக்கெட் மைதானம் போல, அது தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மற்றொரு வகை மினி எல்இடி. இது எல்சிடி திரைதான். பின்னால் உள்ள சிறுசிறு விளக்குகளை நூற்றுக்கணக்கான, சில பெட்டிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பிரித்துத் தனித்தனியே ஏற்றி இறக்குகிறார்கள். முழுத்திரை வெளிச்சத்தில் இது வலுவானது. குறை என்னவென்றால், கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்போது எழுத்தைச் சுற்றிப் புகைபோல ஒளி கசியும். கட்டங்கள் குறைவான பெட்டியில் கசிவு அதிகம்.

எங்கள் கருத்தைக் கேட்டால், பகலெல்லாம் சன்னல் திறந்திருக்கும், இரவிலும் டியூப்லைட் எரியும் நம் ஊர்க் கூடத்துக்கு நல்ல மினி எல்இடியே பெரும்பாலும் பொருந்தும். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படம் போடுகிறவருக்கு ஓஎல்இடி. யார் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்காமல் இரண்டில் எது உயர்ந்தது என்று விவாதிப்பதில் பொருளில்லை. கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அந்தந்த மாத இலக்கு இருக்கிறது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. 65 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 81 சென்டிமீட்டர். 4கே படத்தின் நுணுக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அந்த உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அதாவது சுமார் நாலேகால் அடியில் உட்கார வேண்டும். எட்டரை அடிக்கு அப்பால் போய்விட்டால், சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 4கேவும் ஃபுல் எச்டியும் ஒன்றுதான். நம் வீட்டுச் சோபா சுவரிலிருந்து எட்டு அல்லது பத்து அடியில் இருக்கிறது. ஆகவே 8கே என்று ஒருவர் கூடுதல் பணம் கொடுக்க வந்தால், வாங்கிப் போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம். பின்னால் அவர் திரும்பி வந்து கேட்டால் பதில் சொல்வதும் உங்கள் பொறுப்பு.

சோபாவைவிட முக்கியமான கேள்வி, டி.வி.க்குள் எது வருகிறது என்பது. சாதாரணக் கேபிள் அல்லது டிடிஎச் சேனலில் 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். வருகிற ஒரு புள்ளியை வைத்துப் பெட்டி இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். மீதிப் பத்தொன்பதும் அதன் ஊகம். இந்த ஊகத்தை ஒழுங்காகச் செய்யும் பெட்டிக்கும் செய்யாத பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் முகங்களில் தெரியும். மோசமான பெட்டியில் கதாநாயகியின் கன்னம் மெழுகு பூசியதுபோல இருக்கும். கம்பெனி அனுப்பும் விளம்பரப் படத்தில் இது ஒருநாளும் தெரியாது. பூவும் சாயமும் தேன்துளியும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். எனவே கடையில் ஒரு சாதாரண டிடிஎச் இணைப்பு இருப்பது அவசியம். வாடிக்கையாளர் தினமும் பார்க்கும் சேனலைக் கேட்டு அதையே போட்டுக் காட்டுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். கடையிலேயே சுளித்துவிட்டுப் போவது நல்லது.

இப்போது நாங்கள் கடையின் பின்பகுதியில் ஒரு மூலையை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். ஒன்பது அடி தள்ளி இரண்டு நாற்காலி, தனியாக அணைக்கக்கூடிய ஒரு டியூப்லைட், எதிரே ஒரு திரைச்சீலை. சீலையை விலக்கினால் தெரு வெளிச்சம் நேராகத் திரையில் விழும். பெட்டியை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்ற அமைப்பில் வைக்கிறோம். ஃபிலிம்மேக்கர் என்பது யுஎச்டி அலையன்ஸ் என்ற தொழில் கூட்டமைப்பு 2019இல் அறிவித்தது; இயக்குநர் ஸ்டுடியோவில் பார்த்த நிறத்திலேயே படத்தைக் காட்டுவது அதன் நோக்கம். இதைப் போட்டதும் வாடிக்கையாளர், "என்னங்க, மஞ்சளா இருக்கு?" என்பார். படம் மஞ்சளாக இல்லை. இதுவரை பார்த்த இருபது பெட்டிகளும் நீலமாக இருந்தன. ஸ்டுடியோக்களில் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு 6500 கெல்வின். நாம் விற்கும் 'கூல் டேலைட்' டியூப்லைட்டின் அட்டையில் எழுதியிருப்பதும் அதே எண்தான். பத்து நிமிடம் உட்கார வைத்துக் காபி கொடுங்கள். கண் பழகிவிடும். பிறகு விவிட்டுக்கு மாற்றினால் அவரே வேண்டாம் என்பார்.

சோதிக்க எங்களிடம் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. அதில் நீளமான இரவுக் காட்சி ஒன்று. கருப்புப் பின்னணியில் வெள்ளைப் பெயர்கள் மேலேறும் துண்டு ஒன்று, இது ஒளிக்கசிவுக்கு. திரை முழுதும் ஒரே சாம்பல் நிறம் ஒன்று. கடைசியாகச் சொன்னது மிகவும் முக்கியம். சாம்பலில் அழுக்குத் துடைத்தது போன்ற திட்டு தெரிந்தால், கேமரா மைதானத்தைச் சுற்றி வரும்போதெல்லாம் அந்தத் திட்டு கண்ணில் படும். ஒரே மாடலில்கூடப் பெட்டிக்குப் பெட்டி இது மாறும். பிறகு வாடிக்கையாளரைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லிப் பார்க்க வைக்கிறோம். வீட்டில் பாட்டி தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால், தரையிலும் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறோம். எல்சிடி வகைகளில் 'விஏ' பேனல் நேரே பார்க்க நன்றாக இருக்கும், பக்கத்திலிருந்து வெளிறும். 'ஐபிஎஸ்' பேனல் அதற்கு மறுதலை. டி.வி.யை மின்விசிறிக்குப் பக்கத்தில் உயரத்தில் மாட்டும் வழக்கமுள்ள வீடுகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அசைவு விஷயமும் ஒன்று உண்டு. சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. பல பெட்டிகள் இடையிடையே தாமாகப் படங்களைச் செருகி வழவழப்பாக்குகின்றன. கிரிக்கெட்டுக்கு இது பரவாயில்லை. சினிமா சீரியல் மாதிரி ஆகிவிடும். நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில் இதை அணைத்துவிடுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டு வீடியோவே வெளியிட்டார். ரிமோட்டில் இது எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தால் போதும்.

எச்டிஆர் என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரணப் படம் 100 நிட் வெளிச்சத்தை அளவாக வைத்துத் தயாராகிறது. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட் அல்லது அதற்கு மேல். 300 நிட் தரும் பெட்டி எச்டிஆர் சமிக்ஞையை ஏற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தைக் காட்டாது.

ஓஎல்இடி வாங்குபவரிடம் தடம் பதிவதைப் பற்றி வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கனடாவின் ஆர்டிங்ஸ் என்ற சோதனை நிறுவனம் 2018இல் ஒரே மாடல் பெட்டிகள் ஆறை நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓடவிட்டது. செய்திச் சேனல் ஓடிய பெட்டியில் அந்தச் சேனலின் சின்னம் தடமாகப் பதிந்தது. பலவிதக் காட்சிகள் மாறி மாறி ஓடியவற்றில் சில அப்படியே இருந்தன. அதன் பிறகு வந்த பேனல்கள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் காலை ஆறு முதல் இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கும், ஓட்டல் கல்லாவுக்கு மேலே மாட்டவும் நாங்கள் ஓஎல்இடி கொடுப்பதில்லை. ஆசிரியர் வீடும் அந்த வகைதான்.

ஒலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரை மெலியும்போது ஸ்பீக்கரும் மெலிகிறது. வசனம் புரியவில்லை என்ற புகார் வரும் முன்பே ஒரு சவுண்ட்பாரைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதில் நமக்கும் நாலு காசு நிற்கும்.

பில் விஷயத்தில் கவனம் தேவை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். பில் கொடுக்காததும் அதே குற்றப் பட்டியலில் இருக்கிறது. பெட்டியின் வரிசை எண்ணைப் பில்லில் எழுதுங்கள். திரை உடைந்தால் உத்தரவாதம் செல்லாது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முன்னிலையில்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். வண்டியில் நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும், படுக்கவைக்கக் கூடாது.

மாட்டப் போகும் பையனிடம் ஒன்றை மறக்காமல் சொல்லி அனுப்புங்கள். முதல்முறை இயக்கும்போது பெட்டி 'வீடா, கடையா' என்று கேட்கும். 'கடை' என்று அமுக்கிவிட்டால், வீட்டுக்காரர் எப்படி மாற்றி வைத்தாலும் சற்று நேரத்தில் பெட்டி பழையபடி விவிட்டுக்கே போய்விடும், மறுநாள் டி.வி. பழுது என்று போன் வரும். 'வீடு' என்று வைத்து, மாட்டிய இடத்திலேயே பென்டிரைவைப் போட்டுக் காட்டி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி வரட்டும். பென்டிரைவையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். எங்களுடையவை மூன்று இன்னும் திரும்பி வரவில்லை.